சாபத்தின் நிபந்தனை யாருக்குத் தெரியும்? திருந்திய ரத்தக்காட்டேரி ஒருவன், அவன் கூட்டாளிகள், காதலிகள்: நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1997 மார்ச் 10 அன்று அமெரிக்காவில் ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. அதிலிருந்து கிளைத்த ‘ஏஞ்சல்’ 1999 அக்டோபர் 5 முதல் 2004 மே 19 வரை 110 பகுதிகள் ஓடியது. முதல் தொடரை உருவாக்கியவர் ஜாஸ் வீடன். இரண்டாவதை அவரும் டேவிட் கிரீன்வால்ட்டும் சேர்ந்து உருவாக்கினார்கள். இரண்டிலும் டேவிட் போரியனாஸ் நடித்த திருந்திய காட்டேரியே இந்த ஆய்வுக்கு உரியவன்.

நிகழ்வு ஆய்வுகளின் வழக்கப்படி இங்கே பாத்திரங்களைப் பெயர் சொல்லாமல் அவரவர் வேலையை வைத்துக் குறிக்கிறோம்: காட்டேரி, வேட்டைக்காரி, நூலகர், கணினி ஆசிரியை, மொழிபெயர்ப்பாளர். தொடரைப் பார்த்தவர்களுக்கு யார் யாரென்று உடனே புரியும். பார்க்காதவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. தேதிகள் எல்லாம் ஒளிபரப்பான தேதிகள். கதைக்குள் ஓடும் காலமும் பெரும்பாலும் அதையே ஒட்டி வருகிறது.

திருந்திய அசுரனை நடுவில் வைத்து நீண்ட கதை எழுதுகிறவர்களையும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திர விளையாட்டு நடத்துகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். ஏழு ஆண்டு நிகழ்வுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இவனைச் சுற்றி நேர்ந்த பெரிய சேதங்களில் பல்லால் வந்தவை குறைவு. தெரிய வேண்டியவருக்குத் தெரியாமல் போனதால் வந்தவைதான் அதிகம்.

பின்னணி

1753, அயர்லாந்தின் கால்வே. குடித்துவிட்டுத் திரிந்த ஓர் இளைஞனை ஒரு பெண் காட்டேரி கடித்துத் தன் இனமாக்கினாள். அவன் முதலில் போனது தன் வீட்டுக்கே. காட்டேரி ஒரு வீட்டுக்குள் முதன்முறை நுழைய வேண்டுமென்றால் அங்கே வசிக்கும் யாராவது அழைக்க வேண்டும். செத்துப்போன அண்ணன் தேவதையாகத் திரும்பி வந்திருக்கிறான் என்று நினைத்துத் தங்கை உள்ளே அழைத்தாள். குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை. இந்த அழைப்பு விதி பின்னால் பலமுறை வரும் என்பதால் இங்கேயே குறித்து வைக்கிறோம்.

1898இல் ருமேனியாவில் ஒரு ரோமா குலத்தின் செல்ல மகளைக் கொன்றான். குலத்தார் பழிக்குப் பழியாக அவனுடைய ஆன்மாவைத் திருப்பி அவன் உடலுக்குள் வைத்தார்கள். அதோடு மனசாட்சி வந்தது, ஒன்றரை நூற்றாண்டுக் கொலைகளின் நினைவும் வந்தது. சாபத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது: ஒரே ஒரு கணம் முழு மகிழ்ச்சி அடைந்தாலும் ஆன்மா போய்விடும். திருத்துவது குலத்தாரின் நோக்கமே இல்லை, அவன் வலிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அந்த நிபந்தனையை அவனிடம் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

அடுத்த நூறு ஆண்டுகள் அவன் ஒதுங்கியே கிடந்தான். 1996இல் நியூயார்க் சந்தொன்றில் எலி பிடித்துத் தின்று கிடந்தவனைச் சமநிலை காக்கும் பேய் ஒன்று கண்டெடுத்து, காட்டேரிகளைக் கொல்லப் புதிதாக அழைக்கப்பட்ட பதின்வயது வேட்டைக்காரியைத் தூரத்தில் இருந்து காட்டியது. அவளுக்கு உதவ வேண்டும் என்று அவன் முடிவெடுத்தான். கலிபோர்னியாவின் சன்னிடேல் என்ற கற்பனை ஊரில் கூட்டாளிகள் கிடைத்தார்கள். கசாப்புக் கடையில் வாங்கும் பன்றி ரத்தத்தில் வயிறு கழுவினான்.

கவனித்தது: 1998 ஜனவரி

தான் காட்டேரி என்பதை அவன் வேட்டைக்காரியிடம் சொல்லவில்லை. 1997 ஏப்ரல் 14 பகுதியில், முதல் முத்தத்தின் நடுவில் முகம் மாறியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த உண்மையை அவள் தாங்கிக்கொண்டாள், உறவும் வளர்ந்தது.

பள்ளியின் கணினி ஆசிரியை அதே ரோமா குலத்தைச் சேர்ந்தவர். அவனைக் கண்காணிக்க அனுப்பப்பட்டவர். வேட்டைக்காரியின் வழிகாட்டியான பள்ளி நூலகருடன் அவருக்குக் காதலும் மலர்ந்திருந்தது. அவனுடைய வலி குறைகிறது என்று குறி சொல்லும் கிழவி உணர்ந்ததும், ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து அந்தப் பெண்ணையும் காட்டேரியையும் பிரித்துவிடச் சொன்னார். ஏன் பிரிக்க வேண்டும், பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் ஆசிரியையிடமும் சொல்லவில்லை. பழி வாங்குவது எங்கள் வேலை, காரணம் உனக்கு எதற்கு என்கிற தோரணை.

ஆக, ஜனவரி 19 நிலவரம் இது. நிபந்தனை முழுதாகத் தெரிந்தவர் குலத்துப் பெரியவர் மட்டும். பாதி தெரிந்தவர் ஆசிரியை. எதுவுமே தெரியாதவர்கள், அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய இரண்டு பேர். வேட்டைக்காரியின் பதினேழாவது பிறந்தநாள் இரவில் இருவரும் சேர்ந்தார்கள். விடிவதற்குள் ஆன்மா போய்விட்டது.

அடுத்து நடந்ததில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. ஆன்மா போனதும் அவன் உடனே யாரையும் கடித்துக் குதறிவிடவில்லை என்று சொல்லிவிட முடியாது, சந்தில் நின்ற ஒரு பெண்ணைக் கொன்றான். ஆனால் வேட்டைக்காரியிடம் வந்தபோது அவன் பயன்படுத்தியது பேச்சு. இரவு நடந்ததைச் சில்லறை விஷயமாக்கி, சலித்துப்போன காதலன்போலப் பேசினான். அவளோ தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தாள். நிபந்தனை முன்பே தெரிந்திருந்தால் அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்கு அவளிடம் பலம் இருந்திருக்காது. பிறகு அவளுடைய தாயிடம் போய், மகளோடு படுத்ததையும் அவனே சொன்னான். அதுவும் அவள் வீட்டில் மறைத்து வைத்திருந்த விஷயம்தான். வீட்டில் பூட்டி வைத்த ரகசியமெல்லாம் அவன் கைக்கு ஆயுதமாகப் போனது.

முதல் தவறான முடிவு: ஆசிரியையை ஒதுக்கியது

உண்மை வெளிவந்ததும் குழு ஆசிரியையிடமிருந்து விலகியது. வேட்டைக்காரி முகம் கொடுக்கவில்லை. நூலகர் அவள் பக்கம் நின்றார். கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் குலத்தின் சடங்கு பற்றி ஊரில் அறிவுள்ள ஒரே ஆள் அவர்தான். தன் தவறைச் சரிசெய்ய அவர் தனியாகவே வேலை செய்ய வேண்டியதாயிற்று.

அவர் செய்தவை இவை. மந்திரப் பொருள் கடையில் தெசுலா உருண்டை ஒன்று வாங்கினார். அது, உடலுக்குத் திரும்பும்வரை ஆன்மாவைத் தாங்கி நிற்கும் கண்ணாடிக் கோளம். பயன்படுத்தும் முறை தொலைந்துபோனதால் அந்தக் கோளங்களைக் காகிதம் பறக்காமல் வைக்கும் கல்லாகத்தான் வாங்கிப் போகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். தொலைந்த அந்த மூல மந்திரத்தை ஆசிரியை கணினி நிரல் ஒன்றின் உதவியோடு மொழிபெயர்த்தார். கோப்பை ஃப்ளாப்பியில் சேமித்தார், ஒரு பிரதி அச்செடுத்தார்.

அவர் என்ன செய்கிறார் என்பது நண்பர்களில் ஒருவருக்கும் தெரியாது. எதிரிக்கோ தெரிந்துவிட்டது. காட்டேரியின் கூட்டாளிப் பெண்ணுக்கு முன்னறிவு உண்டு, அவள் கடைக்காரரிடம் போய் விசாரித்துவிட்டாள்.

இதற்கிடையே குழு வீடுகளைப் பாதுகாக்கும் வேலையில் இருந்தது. ஒருமுறை கொடுத்த அழைப்பு சடங்கு செய்து ரத்துசெய்யும்வரை செல்லும். ஆகவே நல்லவனாக இருந்த காலத்தில் அவன் எந்தெந்த வீட்டுக்கு வந்தான் என்று யோசித்து, ஒவ்வொன்றிலும் ரத்துச் சடங்கு நடத்தினார்கள். யூதக் குடும்பத்துப் பெண்ணொருத்தி அப்பா கண்ணில் படாமல் திரைக்குப் பின்னே சிலுவைகளை ஆணியடித்து மாட்டினாள். வீடுகள் எல்லாம் சரியாகிவிட்டன. விட்டுப்போனது பள்ளிக்கூடம். பொது இடத்துக்கு அழைப்பே தேவையில்லை. ‘அறிவு தேடும் யாவரும் வருக’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம் வாசலில் பொறித்திருந்ததை அவனே ஆசிரியையிடம் நக்கலாகச் சுட்டிக்காட்டினான். உருண்டையை உடைத்தான், கணினியைத் தரையில் தள்ளினான், அச்சுப் பிரதியைத் தீயில் எரித்தான், பிறகு அவரைத் துரத்திப் பிடித்துக் கழுத்தை முறித்தான். அது 1998 பிப்ரவரி 24.

அன்று மாலைதான் ஆசிரியைக்கும் நூலகருக்கும் இடையே பனி உருகத் தொடங்கியிருந்தது, பிறகு வந்து பார்க்கிறேன் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். நூலகர் வீட்டுக்கு வருகிறார். கதவில் ஒரு சிவப்பு ரோஜா செருகியிருக்கிறது. உள்ளே ஓபரா ஒலிக்கிறது. வாளியில் பனிக்கட்டிக்குள் ஷாம்பெயின், பக்கத்தில் மடித்து வைத்த சீட்டில் மாடிக்கு வரச் சொல்லி ஒரு வார்த்தை. படிகளில் இதழ்களும் மெழுகுவர்த்திகளும். மனிதர் முகத்தில் சிரிப்போடு ஏறுகிறார். கட்டிலில் ஆசிரியை கண்ணைத் திறந்தபடி செத்துக் கிடக்கிறார். காட்டேரி இங்கே ஒரு புது ஆயுதமும் பயன்படுத்தவில்லை. அவர்களுக்குள் சமாதானம் ஆகப்போகிறது என்ற தகவல் மட்டுமே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது: ஃப்ளாப்பியும் ஒரு பொய்யும், 1998 மே

எரிக்கத் தவறிய ஒன்று இருந்தது. மஞ்சள் நிற ஃப்ளாப்பி மேசைக்கும் பக்கத்து அலமாரிக்கும் நடுவே விழுந்து கிடந்தது. மே மாதத்தில், தற்செயலாக, பென்சில் ஒன்று அங்கே விழுந்து தேடப் போனபோதுதான் அது கிடைத்தது. ஏறத்தாழ மூன்று மாதம் மருந்து கையெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

சடங்கைச் செய்ய மாந்திரீகம் பழகும் தோழி முன்வந்தாள். கிடைத்தால் செய்வோம் என்று வேட்டைக்காரி விரும்பினாள். ஆசிரியையின் சாவுக்குப் பிறகு அவனுக்கு ஆன்மாவாவது மண்ணாவது என்று நண்பன் ஒருவன் வெளிப்படையாகவே எதிர்த்தான். நூலகத்தில் நடந்த முதல் முயற்சி தாக்குதலில் கலைந்தது. தோழி தலையில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தாள். கண் விழித்ததும் படுக்கையில் இருந்தே மறுபடி முயல்வதாகச் சொன்னாள். அந்தச் செய்தியை வேட்டைக்காரியிடம் சேர்க்கப் போனவன் அதே நண்பன். மறுமுயற்சி நடக்கிறது, கொஞ்சம் தாக்குப்பிடி என்று சொல்ல வேண்டியவன், காட்டேரியை உதைத்துத் தள்ளும்படி தோழி சொன்னாள் என்று மாற்றிச் சொன்னான்.

இந்தப் பொய்யை நியாயப்படுத்த ஒரு வாதம் உண்டு. உலகையே விழுங்கும் நரக வாசல் ஒன்றைத் திறக்கக் காட்டேரி முனைந்திருந்தான். அதைத் திறப்பதும் காட்டேரியின் ரத்தம், மூடுவதும் அந்த ரத்தம் மட்டுமே. தயங்கினால் உலகம் போகும். நம்பிக்கை இருந்தால் அவள் தயங்குவாள் என்று நண்பன் கணக்குப் போட்டிருக்கலாம். கணக்கு தப்பு என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அவள் எப்படியும் சண்டையிடத்தான் போனாள். நேரம் கடத்த வேண்டும் என்று தெரிந்திருந்தால் வாசல் திறக்கும் முன் காட்டேரியைத் தடுத்து வைக்க முயன்றிருப்பாள். நடந்தது வேறு. வாசல் திறந்துவிட்ட பிறகு சடங்கு பலித்தது. ஒன்றும் நினைவில்லாமல் பழைய ஆளாகத் திரும்பி நின்றவனை அவள் முத்தமிட்டாள், கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள், வாளைச் செருகினாள். 1998 மே 19. அவள் வீட்டை விட்டே போய்விட்டாள். அந்தப் பொய் பல ஆண்டு கழித்துத்தான் பேச்சில் வந்தது.

தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று. தோழி பயன்படுத்தியது பழைய சாபத்தின் அதே வாசகம். ஆன்மா திரும்பியபோது நிபந்தனையும் கூடவே திரும்பியது. அந்த வரியை நீக்கி எழுத முடியுமா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை, அவசரம். 2003இல் அவளே மறுபடி அதைச் செய்தபோதும் பார்க்கவில்லை. அதற்கு அவசரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

திரும்பி வந்ததும், பிரிந்ததும்

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அவன் நரகத்திலிருந்து திரும்பினான். வேட்டைக்காரி அதை எல்லோரிடமும் மறைத்தாள். நவம்பரில் நண்பர்கள் கண்டுபிடித்தபோது நூலகர் அதிகம் பேசவில்லை. தன்னை மணிக்கணக்கில் சித்திரவதை செய்தவனை ஒளித்து வைத்ததில் தன் மேல் அவளுக்கு மரியாதை இல்லை என்பது தெரிகிறது என்றார். அன்று இரவே அரைகுறைத் தகவலோடு இன்னொரு வேட்டைக்காரி அவனைக் கொல்லப் போனாள்.

நிபந்தனை இப்போது இருவருக்கும் தெரியும். அதனால் தள்ளியே இருந்தார்கள். 1999இல் பெண்ணின் தாய் தனியாக வந்து பேசிய பிறகு அவன் பிரிவை முடிவுசெய்தான். அவளிடம் கேட்டு எடுத்த முடிவு இல்லை அது, சொல்லி முடித்த முடிவு.

லாஸ் ஏஞ்சலஸ், 1999 முதல் 2001 வரை

புது ஊரில் சிறு துப்பறியும் நிறுவனம். தரிசனம் காணும் அரைப்பேய் ஒருவன், பழைய ஊர்ப் பெண் ஒருத்தி, சீக்கிரமே ஒரு மொழிபெயர்ப்பாளர், பின்னர் தெருச் சண்டையில் வளர்ந்த ஓர் இளைஞன்.

நவம்பர் 23 பகுதியில் ஒரு பேயின் ரத்தம் கலந்ததால் அவன் மனிதனாகிவிடுகிறான். வேட்டைக்காரியோடு ஒரு நாள் முழுதும் கழிகிறது. மனிதனாக இருந்தால் சண்டையில் உதவ முடியாது, அவள் சீக்கிரம் சாவாள் என்று தெரிந்ததும், அந்த 24 மணி நேரத்தையே இல்லாமல் செய்துவிட உயர்சக்திகளிடம் வேண்டுகிறான். அவளுக்குச் சொல்வது கடைசி ஒரு நிமிடத்தில். பிறகு அவளுக்கு எதுவும் நினைவில் இருக்காது, அவன் மட்டும் சுமப்பான். ரசிகர்கள் இதைத் தியாகத்தின் உச்சம் என்பார்கள். எங்கள் பார்வையில் 1998இன் குலத்துப் பெரியவர் செய்ததையே இவன் அன்போடு செய்கிறான்.

அடுத்த வாரமே அரைப்பேய் உயிர் தியாகம் செய்தான். சாகும் முன் கொடுத்த முத்தத்தில் தரிசன சக்தி பெண்ணுக்குப் போனது. அவளிடம் கேட்கவில்லை. தரிசனங்கள் மனித மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதப்படுத்துபவை. அவளும் தன் ஸ்கேன் முடிவுகளை 2002 ஜனவரி வரை காட்டேரியிடம் மறைத்தாள். இந்தக் குழுவில் அது ஒரு தொற்றுநோய்.

நிபந்தனை பற்றிய குழுவின் புரிதலும் இந்தக் காலத்தில்தான் திருந்தியது. கூட்டாளிகள் நீண்ட நாள் அதை உடலுறவுத் தடை என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிகழ்வுகள் வேறு மாதிரி காட்டின. 2000 ஏப்ரலில் ஒரு நடிகை அவனுடைய மதுவில் மகிழ்ச்சி மாத்திரை கலந்தாள். பழைய கொடூரன் வெளிப்பட்டான், ஆனால் மருந்து இறங்கியதும் அடங்கினான். ஆன்மா போகவே இல்லை. 2001 பிப்ரவரியில், எல்லாம் வெறுத்த ஓர் இரவில், தன்னைக் காட்டேரியாக்கிய பழைய துணையோடே அவன் படுத்தான். நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்தான். அப்போதும் ஆன்மா போகவில்லை, ஏனென்றால் அது விரக்தி. எண்ண வேண்டியது மகிழ்ச்சியை, தொடுதலை அல்ல.

அந்த இரவுக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் தனிமைதான். 2000 டிசம்பரில், பெண் காட்டேரிகள் இருவர் புகுந்திருந்த ஒரு மது நிலவறையில், எதிரி வழக்கறிஞர் கூட்டத்தை அவர்களோடு விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வந்தான். மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து, எங்களைத் தவிர உன்னைத் தடுக்க யாருமில்லை என்று சொன்னபோது, மூவரையும் வேலையை விட்டு நீக்கினான்.

திரும்பும் வழியைக் காட்டியது ஒரு காவல்துறைப் பெண். முன்பொருமுறை அவள் தந்தையைக் காட்டேரிகள் தாக்கியபோது இவன் வாசலில் நின்று தவித்திருக்கிறான். அழைப்பு இல்லாததால் உள்ளே போக முடியவில்லை. அந்த மனிதர் செத்த கணத்தில்தான் தடை விலகியது. இப்போது அவளே மாத்திரைகளை விழுங்கிவிட்டுக் கிடக்கிறாள். இவன் கதவை உடைத்து நுழைந்து தூக்கிக்கொண்டு போய்க் குளிர்ந்த நீரில் நிறுத்துகிறான். பிழைத்த பிறகு அவள் நிதானமாகச் சொல்கிறாள்: நான் உன்னை உள்ளே அழைக்கவே இல்லையே. தொடர் இதை விளக்காமல் விடுகிறது, அது நல்லது.

கூட்டாளிகளிடம் அவன் எடுத்த முடிவு சரியானது. என்னிடம் திரும்பி வேலைக்கு வாருங்கள் என்று கேட்கவில்லை. உங்களுக்குக் கீழ் வேலை செய்கிறேன் என்றான். மொழிபெயர்ப்பாளர் தலைவரானார். தரிசனப் பெண் மட்டும் முகம் திருப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் வாங்கி வந்த புதுத் துணிகளைக் கண்டதும்தான் கட்டிப்பிடித்தாள். எல்லா மன்னிப்பும் ஆழமான உரையாடலில் வருவதில்லை.

மொழிபெயர்ப்பு, 2002

பழைய துணைக்கு அந்த இரவில் கரு உண்டாயிற்று. 2001 நவம்பரில் குழந்தை பிறந்தது. பிறக்க வழியில்லாததால் தாய் தன் நெஞ்சில் தானே கட்டையைக் குத்திச் சாம்பலானாள், குழந்தை மிஞ்சியது.

மொழிபெயர்ப்பாளர் ஒரு பழைய சுருளில் ‘தந்தை மகனைக் கொல்வான்’ என்று படித்தார். உறுதி செய்துகொள்ளத் துரித உணவகத்தின் பிரம்மாண்ட ஹாம்பர்கர் சிலை வடிவில் பேசும் தெய்வம் ஒன்றிடம் போய்க் கேட்டார். (ஆம், ஹாம்பர்கர்.) நிலநடுக்கம், தீ, ரத்தம் என்று மூன்று அறிகுறி வரும் என்றது. மூன்றும் வந்தன. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. காட்டேரி சில நாளாகச் சிடுசிடுப்பாக, மூர்க்கமாக இருந்தான், குழந்தையைப் பார்த்துச் சாப்பாட்டு ஞாபகத்தில் பேசினான். காரணம் வேறு: அந்த வழக்கறிஞர்களின் எதிரி நிறுவனம் அவனுடைய பன்றி ரத்தத்தில் குழந்தையின் ரத்தத்தையே கலந்து அனுப்பியிருந்தது. சாப்பாட்டில் ருசி வேறாக இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும், ஏன் என்று பிறகுதான் புரிந்தது. தலைவன் ஏன் கெட்டுப்போகிறான் என்று மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விளக்கம் கையில் இருந்தது, அது சுருளில் இருந்தது.

இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் சுருளையும் மற்றவர் கோப்பையையும் முன்னால் வைத்திருந்தால் எல்லாம் பத்து நிமிடத்தில் உடைந்திருக்கும். சுருளின் வாசகமே ஒரு பேயால் மாற்றி எழுதப்பட்டது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் யாரிடமும் சொல்லாமல், 2002 மார்ச் 4 பகுதியில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். வழியில் அவர் கழுத்து அறுபட்டது. காட்டேரியைப் பல காலமாகப் பழிவாங்கத் துடித்தவன் கைக்குக் குழந்தை போய், நரக உலகம் ஒன்றுக்குள் மறைந்தது.

அறுபட்டதால் அவரால் பேச முடியவில்லை. ஏன் செய்தார் என்பது அவர் நாட்குறிப்பிலிருந்துதான் தெரிந்தது. காட்டேரி மருத்துவமனைக்கு வந்தான், நிதானமாக, தான் ஆன்மாவோடுதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தலையணையை அவர் முகத்தில் அமுக்கினான். மற்றவர்கள் இழுத்து விலக்கினார்கள். பிறகு குழு அவரை ஒதுக்கிவிட்டது. 1998இல் ஆசிரியையை ஒதுக்கியதன் மறுபதிப்பு இது.

ஆனாலும் வேறு முடிவு வந்தது. வளர்ந்து திரும்பிய மகன் தந்தையைப் பெட்டியில் அடைத்துக் கடலடியில் மூழ்கடித்தான். மூன்று மாதம் யாருக்கும் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடித்தவர் அந்த ஒதுக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர். படகில் ஏற்றி, கொண்டுவந்திருந்த ரத்தத்தைக் கொடுத்தார். அது போதாமல் போனபோது தன் கையைக் கீறி அவன் வாயருகே நீட்டினார்.

எல்லோருக்கும் தெரிந்தே செய்த திட்டம், 2003

ரகசியமே எல்லாத் தவறுக்கும் மூலம் என்று எழுதிவிட ஆசைதான். அடுத்த நிகழ்வு அதற்கு இடம் தரவில்லை. அழிக்க முடியாத ஒரு மிருகத்தைப் பற்றி ஆன்மா இல்லாத பழையவனுக்கு ஏதோ தெரியும் என்பதால், ஆன்மாவை வேண்டுமென்றே எடுக்கக் குழு கூடி முடிவுசெய்தது. குழு இயங்கிய விடுதியின் அடித்தளத்தில் கூண்டு, சங்கிலி, கண்காணிப்புக் கேமரா. ஆன்மாவைப் பிடித்து வைக்க மந்திர ஜாடி, ஜாடியை வைக்க இரும்புப் பெட்டி. அவனும் ஒப்புக்கொண்டான்.

மந்திரவாதி அவனுக்கு முழு மகிழ்ச்சியை ஒரு மயக்கக் காட்சியாகக் கொடுத்தான். அந்தக் காட்சியில் என்ன இருந்தது என்பதுதான் எங்களுக்கு இந்த நிகழ்வு முழுவதிலும் பிடித்த சான்று. மகன் மன்னிக்கிறான். மொழிபெயர்ப்பாளர் மறுபடி பக்கத்தில் நின்று சண்டையிடுகிறார். எல்லோரும் மனம்விட்டுப் பேசித் தீர்க்கிறார்கள். அவன் காதலித்த தரிசனப் பெண் கடைசியில்தான் வருகிறாள். அவனுடைய முழு மகிழ்ச்சியில் பாதிக்கு மேல் கூட்டாளிகள்.

திட்டம் தோற்றது. ஜாடி பெட்டியிலிருந்து காணாமல் போனது. திருடியவள் தரிசனப் பெண், அவள் உடலுக்குள் வேறொரு சக்தி குடியேறியிருந்தது. முடிவெடுக்கும் வட்டத்துக்குள்ளேயே ஆள் மாறியிருந்தால் வெளிப்படைத்தன்மை எதிரிக்குத்தான் வசதி. சன்னிடேலில் இருந்து பழைய தோழி வந்து, ஜாடியை உடைத்து ஆன்மாவை விடுவித்து, மார்ச் 19 பகுதியில் சடங்கை முடித்தாள்.

பின் நடந்தது, 2003–04

மகனுக்கு இயல்பான வாழ்க்கை வேண்டும் என்பதற்காக அவன் எதிரி நிறுவனத்தின் தலைமையை ஏற்றான். விலை: மகன் இருந்த நினைவையே அனைவரின் மூளையிலிருந்தும் மாற்றியமைப்பது. மொழிபெயர்ப்பாளர் ஓராண்டாகத் தன் கழுத்துத் தழும்புக்கு வேறு கதையை நம்பி வாழ்ந்தார். 2004 ஏப்ரலில் அவரே அந்த நினைவுகளை அடைத்து வைத்திருந்த கண்ணாடிக் கனசதுரத்தை உடைத்து நினைவைத் திரும்பப் பெற்றார், கூடவே தான் செய்த துரோகத்தையும்.

அந்த ஆண்டின் ஓநாய்ப்பெண் உறவு சிறியது, தொடரில் அதிக நேரம் பெறவில்லை. ஆனால் இங்கே மட்டும் வரிசை சரியாக நடந்தது. பிப்ரவரியில் அவன் தன் பயத்தை மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே சொன்னான். முழு மகிழ்ச்சி என்பது அரிது, பெரும்பாலோர் போதுமான மகிழ்ச்சியில் வாழ்கிறார்கள், பயப்படாதே என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். உறவு நடந்தது, ஆன்மா இருந்தது. ஆபத்து வரும் முன் விமான டிக்கெட் கொடுத்து அவளை ஊரைவிட்டு அனுப்பினான்.

கடைசித் திட்டத்தை அவன் வாரக்கணக்கில் மறைத்தான், கெட்டுப்போனவனாகவே நடித்தான். ஆனால் செயலில் இறங்கும் முன் ஒட்டுக்கேட்க முடியாதபடி மந்திரத் திரை போட்டு அனைவருக்கும் சொன்னான். வெல்ல முடியாது, சாவோம் என்றான். ஒப்புக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றான். ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் திரும்பவில்லை. மற்றவர்கள் மே 19 இரவு மழையில், விடுதிக்குப் பின்சந்தில், வாளோடு நின்றார்கள்.

மாற்ற வேண்டியவை

இப்படி ஒரு பாத்திரத்தைக் குழுவோடு சேர்த்து வைக்கிறவர்கள், முதல் நாளிலேயே ஒரு தாளில் நிபந்தனையின் சரியான வாசகத்தை எழுதி வைக்கட்டும். ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லை ‘படுக்கை’ என்று யாரும் சுருக்கிவிடாதபடி. அந்தத் தாள் யார் யார் கையில் இருக்கிறது என்பதையும் கீழே குறிக்க வேண்டும். கதைக்குள் அதை யார் மறைக்கிறார் என்று எழுதுகிறவருக்குத் தெளிவாக இல்லாவிட்டால், சேதம் எங்கிருந்து வந்தது என்று வாசகருக்கும் தெரியாமல் போகும்.

அழைப்புக் கொடுத்த வீடுகளின் பட்டியலில் வீடல்லாத இடங்களுக்குத் தனி வரிசை வேண்டும்: பள்ளி, அலுவலகம், விடுதி. அங்கே இரவில் யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது. மாற்றுச் சடங்கின் வாசகம் இரண்டு பேரிடம், இரண்டு ஊரில் இருக்கட்டும். ஆன்மாவை அடைக்கும் ஜாடியும் பெட்டியின் திறவெண்ணும் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது. சுருள்களைப் படிக்க இரண்டாவது ஆள் வேண்டும். தவறு செய்த கூட்டாளியைக் கோபத்தில் விலக்கி வைத்தாலும், அவர் என்ன வேலையில் இருக்கிறார் என்று கேட்டுவர ஒருவரையாவது அனுப்ப வேண்டும்.

ரத்தம் வரும் கடையை மாதம் ஒருமுறை மாற்றலாம். ருசி மாறினால் அன்றே சொல்ல வேண்டும், யாரிடம் சொல்வது என்பதையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.